கிழக் கம்ப்யூட்டருக்கு ஒரு காயகல்பம்

காலையில் எழுந்ததும் கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கிவிட்டுப் பல் தேய்க்கப் போவேன். பல் தேய்த்து, பால் காய்ச்சி, டிகாஷன் இறக்கி, காபியோடு வந்து உட்கார்ந்தால் திரையில் அந்தச் சின்ன வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். காபி முடிகிற சமயம் படம் தெரியும். பேப்பரில் முதல் பக்கம் முடிகிற சமயம், எதையாவது அமுக்கினால் ஏதாவது நடக்கக்கூடும் என்ற நிலைமை வரும். 2024 கடைசியில் ஒருநாள் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளந்து பார்த்தேன். ஒன்பது நிமிஷம். செம்பூரில் ரயிலேறிக் குர்லாவில் இறங்குவதற்குக்கூட இவ்வளவு நேரம் ஆகாது.

"பேசாமல் பங்கார்காரனிடம் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்" என்பது புனேயில் இருக்கும் என் மகனின் தீர்ப்பு. அவன் பார்த்து வைத்திருந்த புதுப் பெட்டி 45,000 ரூபாய். "பன்னிரண்டு வருஷமாச்சுப்பா. மனுஷனுக்கே ரிடையர்மெண்ட் உண்டு" என்றான். ரிடையரான மனுஷனிடம் சொல்லக்கூடிய உதாரணமா இது?

2013 தீபாவளிக்கு வாங்கிய பெட்டி அது. இன்டெல் கோர் ஐ-3, மூன்றாம் தலைமுறை. 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். வரும்போது விண்டோஸ் 7. மைக்ரோசாப்ட் இலவசமாகக் கொடுத்த சமயத்தில், 2016 ஜூலைக்குள், விண்டோஸ் 10க்கு மாறிக்கொண்டேன். இலவசம் என்றால் விட்டுவிடுவோமா? மின்சாரக் கட்டணம், பென்ஷன் கணக்கு, சங்க ஆண்டு விழா அழைப்பிதழ் எல்லாமே அதில்தான்.

ஆனால் பங்காருக்குப் போடக் கை வராததற்குப் பணம் மட்டும் காரணமல்ல. அதில் 'அப்பா' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது.

என் தகப்பனார் அம்பாசமுத்திரத்திலிருந்து 1951இல் பம்பாய்க்கு வந்து, மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவர். ரிடையரான பிறகு ஆறு நோட்டுப் புத்தகங்கள் நிறையத் தம் கதையை எழுதி வைத்தார். 2005 ஜூலை 26 மழையைப் பற்றி மும்பைவாசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அப்போது நாங்கள் குர்லாவில் தரைத்தளத்தில் இருந்தோம். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த நோட்டுகள் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறின. மசிப் பேனாவால் எழுதியவை. ஃபேன் காற்றில் ஏடு ஏடாகப் பிரித்துக் காயவைத்து, எழுத்துத் தெரிந்த வரைக்கும் 2006 முதல் இரண்டு வருஷம் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். கரைந்துபோன வரிகளை அப்பாவே பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு சொன்னார். பதினான்கு அத்தியாயங்கள். 2009இல் அவர் காலமானார். பூஞ்சை பிடித்த நோட்டுகள், செம்பூருக்கு வீடு மாறிய களேபரத்தில் வெளியே போயின. பழைய கம்ப்யூட்டரிலிருந்து இந்தக் கம்ப்யூட்டருக்கு ஃபோல்டர் மட்டும் வந்து சேர்ந்தது.

பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வைக்கப் பன்னிரண்டு வருஷமாக எனக்கு நேரம் கிடைக்கவில்லை. யாராவது கேட்டால், "எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு" என்பேன்.

சரி, வேகத்துக்கு வருகிறேன். முதலில் கை வைத்தியம் பார்த்தேன். குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன். வேண்டாத புரோகிராம்களை நீக்கினேன். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்-அப்' என்ற பகுதிக்குப் போனால், நாம் கூப்பிடாமலேயே காலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் விருந்தாளிகளின் பட்டியல் கிடைக்கும். என்னிடம் பதினொரு பேர் இருந்தார்கள். என்றோ விற்றுவிட்ட பிரிண்டரின் புரோகிராம்கூட நாள் தவறாமல் எழுந்து பிரிண்டரைத் தேடிக்கொண்டிருந்தது! வைரஸ் தடுப்பு இரண்டு இருந்தன. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஒன்றே வீட்டு உபயோகத்துக்குப் போதும். இரண்டு இருந்தால் ஒவ்வொரு ஃபைலையும் இருவரும் சோதிப்பார்கள், வாசலில் இரண்டு வாட்ச்மேன் மாதிரி. இத்தனையும் செய்த பிறகு ஒன்பது நிமிஷம் எட்டாயிற்று.

அடுத்து, ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எந்தக் கடை என்பது வேண்டாம். இரண்டு நாள் வைத்திருந்து, 800 ரூபாய் வாங்கிக்கொண்டு, வேகம் கூட்டும் சாஃப்ட்வேர் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். அது வீட்டுக்கு வந்த மறுநாளே, உங்கள் கம்ப்யூட்டரில் 1,347 பிழைகள் என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்தியது. அவற்றைச் சரிசெய்ய 2,499 ரூபாய் கேட்டது. இந்த 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' வகையறாக்களை மைக்ரோசாப்ட்டே ஆதரிப்பதில்லை என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். பிழை இருக்கிறதோ இல்லையோ, இந்தப் புரோகிராமும் காலையில் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் பன்னிரண்டாவது விருந்தாளி. மறுபடி கடைக்குப் போனேன். "ஃபார்மட் போட்டுடலாம் அங்கிள், புதுசு மாதிரி ஆயிடும். டேட்டா வேணுமா?" என்று சாவகாசமாகக் கேட்டான் அங்கிருந்த பையன். திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் சொசைட்டியில் சி.சி.டி.வி. கேமரா மாட்ட ஒரு பையன் வந்தான். இது 2025 ஜூன், மழை தொடங்கியிருந்த சமயம். நான் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, "நீங்க தமிழா சார்?" என்றான். பிறகு வழக்கமான கேள்வி-பதில். அம்மா ஊர் நாங்குநேரிப் பக்கமாம். அவன் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் தாராவி. தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"சார், அந்த டிக் டிக் சத்தம் எத்தனை நாளா வருது?"

சத்தமா? சுவர்க் கடிகாரம் என்று நினைத்திருந்தேன்.

அவன் உட்கார்ந்து டாஸ்க் மேனேஜரில் வேறொரு பக்கத்தைத் திறந்து காட்டினான். நான் ஆறு மாதமாகத் திறந்து மூடிய அதே டாஸ்க் மேனேஜர்தான். அதில், பிராசஸருக்கு வேலை 6 சதவீதம். ஹார்ட் டிஸ்க்குக்கு 100 சதவீதம். கீழே, ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல டிஸ்க் எடுத்துக்கொள்ளும் நேரம் 2,000 மில்லி செகண்டைத் தாண்டி நின்றது. ஆரோக்கியமான டிஸ்க்குக்கு அது பத்து, இருபதுக்குள் இருக்க வேண்டும். "மூளை சும்மா உட்கார்ந்திருக்கு சார். கை-கால்தான் வரலை" என்றான். பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமைத் தன் பென் டிரைவிலிருந்து ஓட்டினான். ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பை எடுத்துக் காட்டுகிற புரோகிராம் அது. மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது.

நாம் கிழடு தட்டியதாக நினைப்பது வேறு, நடப்பது வேறு. பிராசஸரும் மதர்போர்டும் வருஷங்கள் ஓடுவதால் மெதுவாகிவிடுவதில்லை. 2013இல் கணக்குப் போட்ட அதே வேகத்தில்தான் இன்றும் போடும். ஆனால் ஹார்ட் டிஸ்க் இயந்திரம். உள்ளே இசைத்தட்டு போல ஒரு தட்டு, நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. அதன்மேல் ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தகவலைப் படிக்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய் நிற்கவே ஏறக்குறைய பத்து மில்லி செகண்ட். நல்ல நிலையிலேயே வினாடிக்கு நூறு இடங்களுக்கு மேல் போவது கஷ்டம். தட்டில் ஓரிடம் பழுதாகிவிட்டால், முள் அங்கேயே நின்று மறுபடி மறுபடி படிக்கப் பார்க்கும். நமக்கு வட்டம் சுற்றுகிறது. ஆக, என் பெட்டியின் சோம்பல் என்று நான் எட்டு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தது, சாகக் கிடக்கும் டிஸ்க்கின் முனகல்.

"இதை ஃபார்மட் பண்ணியிருந்தா?" என்று கேட்டேன்.

"உள்ளே இருந்ததும் போயிருக்கும், புதுசா போட்ட விண்டோஸும் ரெண்டு மாசத்துல போயிருக்கும். டென்ஷன் எடுக்காதீங்க சார். முதல்ல ஆஃப் பண்ணுங்க" என்றான்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். டிக் டிக் சத்தமோ, எச்சரிக்கையோ வந்த டிஸ்க்கை வைத்துக்கொண்டு வேகம் கூட்டும் எந்த வைத்தியமும் செய்யக்கூடாது. டிஃபிராக், டிஸ்க் செக் போன்றவை டிஸ்க் முழுவதையும் உழுது பார்ப்பவை. நோயாளியை மாடிப்படி ஏறச் சொல்வதற்குச் சமம். ஓட ஓடப் பழுது பெருகும். எது உயிரோ அதை முதலில் நகல் எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

மறுநாள் ஞாயிறு. டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக இணைத்து, 'அப்பா' ஃபோல்டரைத்தான் முதலில் எடுத்தான். பிறகு லினக்ஸில் உள்ள டிடி-ரெஸ்க்யூ என்ற கருவியால் டிஸ்க் முழுவதையும் நகல் எடுக்க விட்டான். அந்தக் கருவி பழுதான இடத்தில் நின்று மல்லுக்கட்டாதாம். அதைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை எல்லாம் எடுத்து முடித்த பிறகே, விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து முயற்சி செய்யுமாம். "ரசத்துல தெளிவை இறுத்துக்கிட்டு அப்புறமா அடிமண்டியைத் தொடுவோம்ல, அது மாதிரி" என்றான். பதினெட்டு மணி நேரம் ஓடியது.

பதினான்கு அத்தியாயத்தில் பதிமூன்று வந்தன. ஐந்தாம் அத்தியாயம் வரவில்லை. ஃபைலின் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. 1956இல் அம்மா கல்யாணமாகி பம்பாய்க்கு முதன்முதலாக வந்து இறங்கிய அத்தியாயம் அது.

கொஞ்ச நேரம் நான் எதுவும் பேசவில்லை. பையனும் பேசவில்லை.

இனி, பெட்டிக்குச் செய்த சிகிச்சை. திங்கட்கிழமை கடைக்குப் போவதற்குப் பதிலாக லாமிங்டன் ரோட்டுக்குப் போனோம். குர்லாவில் மாறி, தாதரில் மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கி நடை. மழையில் அந்தத் தெருவில் குடையோடு நடப்பது தனிக் கலை. 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று 1,750 ரூபாய். இதில் சுற்றும் தட்டும் இல்லை, ஓடும் முள்ளும் இல்லை. எல்லாம் சில்லுகள். எங்கே கேட்டாலும் உடனே பதில். என் மதர்போர்டில் இருப்பது பழைய 'சாட்டா-2' வாசல். வினாடிக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் போக முடியாது, எஸ்.எஸ்.டி.யோ 500 வரை போகக்கூடியது. பணம் வீண்தானே என்று கேட்டேன். வாசல் அகலம் இங்கே பெரிய விஷயமில்லை என்றான். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடுகிறது. அந்தத் தேடல் நேரம் ஒழிவதுதான் லாபம்.

ராமும் வாங்கினோம். ராம் என்பது நம் மும்பை வீடுகளில் சமையல் மேடையை 'ஒட்டா' என்கிறோமே, அது மாதிரி. டிஸ்க் என்பது பரண். ஒட்டாவில் இடம் போதவில்லை என்றால் பாத்திரத்தைப் பரணில் ஏற்றுவதும் இறக்குவதுமாகவே பொழுது போய்விடும். 4 ஜி.பி. ஒட்டாவில் இன்றைய பிரௌசர் ஒன்றே காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறது. இன்னொரு 4 ஜி.பி., பழையது, சோதித்துப் பார்த்து 500 ரூபாய்க்குக் கிடைத்தது. என் பெட்டிக்கு வேண்டியது டி.டி.ஆர்.3. அதிலும் டெஸ்க்டாப்புக்கானது. டி.டி.ஆர்.4 பொருந்தாது, லேப்டாப் ராமும் பொருந்தாது. ஆகவே பழையதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவது உத்தமம். ரவிக்கைத் துணிக்கு மேட்ச் பார்க்கப் புடவையைக் கொண்டு போவதில்லையா?

பெட்டியைத் திறந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பிராசஸரின் மேலிருந்த விசிறியில் பன்னிரண்டு வருஷத் தூசி கம்பளியாகப் படிந்திருந்தது. சூடு வெளியேறாவிட்டால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்தோம். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும், சுழல விடக்கூடாது. காய்ந்துபோன பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை தடவினோம். நம் ஊர்க் கடல் காற்றுக்கு ராமின் பித்தளை நிறப் பற்கள் கறுத்திருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்ததும் பளிச்சென்று ஆயின. கடிகாரம் அடிக்கடி பின்னுக்குப் போனதற்குக் காரணமான வட்ட பேட்டரியையும் மாற்றினோம். கைவைப்பதற்கு முன் மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னூட்டத்தை இறக்கிவிட வேண்டும்.

விண்டோஸைப் புதிதாகவே போட்டான். அதே மதர்போர்டு என்பதால் லைசென்ஸ் நம்பர் எதுவும் கேட்காமல் தானே ஏற்றுக்கொண்டது. மொத்தச் செலவு: எஸ்.எஸ்.டி. 1,750, ராம் 500, பசை 150, பேட்டரி 40. பையன் காசே வேண்டாம் என்றான். வற்புறுத்தி 600 கொடுத்தேன். ஆக 3,040 ரூபாய். பொத்தானை அமுக்கினேன். பல் தேய்க்க எழுந்திருப்பதற்குள் வந்துவிட்டது. அளந்து பார்த்தோம், 28 வினாடி.

ஆனால் 'அப்பா' ஃபோல்டரைத் திறந்ததும் தூக்கிவாரிப் போட்டது. முதல் அத்தியாயத்தில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கல். பையனே திகைத்துப் போனான். அவன் யுனிகோடு காலத்துப் பிள்ளை. எனக்குத்தான் உறைத்தது. நான் தட்டியது பாமினி எழுத்துருவில். புது விண்டோஸில் பாமினி இல்லை. நகலில் இருந்த பழைய விண்டோஸின் 'ஃபாண்ட்ஸ்' ஃபோல்டரைத் தேடி, அந்த எழுத்துருவை எடுத்துப் போட்டதும் அப்பா மறுபடி தமிழில் பேச ஆரம்பித்தார்.

நம் சங்கத்தில் பலருக்கும் இந்த நிலைமை உண்டு. பாமினி, டிஸ்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் வந்த டாம், டாப் என்று அந்நாளில் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டியவர்கள் நாம். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும்போது ஃபைலை மட்டும் காப்பாற்றினால் போதாது, எழுத்துருவையும் எடுத்து வைக்க வேண்டும். பிறகு சாவகாசமாக ஒரு எழுத்துரு மாற்றியைக் கொண்டு யுனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. மாற்றியதைக் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்த்துவிட வேண்டும். மெஷின் சில கூட்டெழுத்துகளில் தடுமாறுகிறது. பதிமூன்று அத்தியாயத்தையும் நான் அப்படி மாற்ற ஒரு மாதம் ஆயிற்று. இப்போது ஒரு நகல் பென் டிரைவில், ஒன்று மகனிடம், ஒன்று நாக்பூரில் அக்காவின் பேரனிடம்.

இன்னொரு தலைவலி பாக்கி இருந்தது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்குப் போகலாமென்றால், இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. என் மூன்றாம் தலைமுறைக்கு வாசலிலேயே தடை. குறுக்கு வழியில் ஏற்றுபவர்கள் உண்டு. எனக்கு அதில் இஷ்டமில்லை. அதனால் அதே எஸ்.எஸ்.டி.யில் ஒரு பகுதியைப் பிரித்து லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டேன். காசு கிடையாது. எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற லேசான வடிவம் 4 ஜி.பி.யிலேயே நன்றாக ஓடுமென்றால் எட்டில் கேட்க வேண்டுமா? பேங்க், மின்னஞ்சல், செய்தி எல்லாம் அதில். பழைய விண்டோஸில் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டேன். பழகிய கைக்குத் தமிழ் தட்ட மட்டும் அது. மகன் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தான்.

எல்லாப் பெட்டிக்கும் இது பலிக்கும் என்று சொல்லமாட்டேன். டி.டி.ஆர்.2 காலத்துப் பெட்டி என்றால் ராமுக்கு அலைவதே பெரும்பாடு, விட்டுவிடலாம். வீடியோ எடிட்டிங் செய்கிற பேரப்பிள்ளைகளுக்கும் போதாது. பழைய டிஸ்க்கைப் பங்கார்காரனிடம் போடவில்லை. அதில் பேங்க் விவரங்கள் இருக்கின்றன. தவிர, ஐந்தாம் அத்தியாயமும் அதற்குள் எங்கேயோதான் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாக்பூருக்குப் போன் போடுகிறேன். அம்மா சொல்லிக் கேட்டதை அக்கா சொல்லச் சொல்ல, இந்தப் பெட்டியிலேயே தட்டிக்கொண்டு வருகிறேன். வி.டி. ஸ்டேஷனில் இறங்கியபோது அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குச் சாவி இல்லை என்பது வரை வந்திருக்கிறோம். சாவியை ஊரிலேயே பாட்டி முடிந்து வைத்துக்கொண்டுவிட்டாள் என்கிறாள் அக்கா. அப்பாதான் ரயிலில் தொலைத்தார் என்று நான் அவர் வாயாலேயே கேட்ட ஞாபகம்.